ஃபிரிட்ஜை மூடுடா!

ஞாயிற்றுக்கிழமை, மதியம் மூன்றரை மணி. எங்கள் தீவின் பாயமோன் நகரம்.

ஸ்டூடியோ மேஜையெல்லாம் தூசி. நடுவில் ஒரே ஒரு செவ்வகம் மட்டும் துடைத்து வைத்ததுபோல் பளிச்சென்று இருந்தது. அந்த இடத்தில் இருந்த ஹார்ட் டிஸ்க்கைக் காணவில்லை.

எலியூத் கத்தவில்லை. மேஜைக்கு அடியில் பார்த்தான், இழுப்பறைகளைக் கவிழ்த்தான், ஸ்பீக்கருக்குப் பின்னால் கை விட்டுத் துழாவினான். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டான். சிநேகிதன் சுர்தோ தேடிக்கொண்டு வந்தபோது அறுந்த வால்போலத் தொங்கும் கேபிளைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தான்.

"என்னடா மச்சான், இங்க உட்கார்ந்திருக்கே?"

"அம்மாவைக் காணோம்டா."

எலியூத்தின் அம்மா மிகெலினா செத்து ஒரு வருஷம். அன்றைக்கு அந்த வீட்டில் நடந்துகொண்டிருந்ததே அவளுடைய முதல் வருஷச் சாப்பாடுதான்.

எலியூத் என்று சொன்னால் எங்கள் தீவில் ஒருவருக்கும் தெரியாது. நெவேரா என்று சொல்லிப் பாருங்கள், நேற்றுப் பிறந்ததுகூடத் தலையாட்டும். நெவேரா என்றால் எங்கள் பேச்சில் ஃபிரிட்ஜ். ராப் பாட்டுகளுக்கு இசை செய்கிற பையனுக்கு இப்படி ஒரு பெயரா என்று கேட்டால், அதற்குக் காரணம் அவன் அம்மாவின் வாய்தான்.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. இசை செய்தவன் பாட்டின் தொடக்கத்தில் தன் முத்திரையாக ஒரு குரலை வைப்பான். ஒருவன் தன் பெயரைக் காதலியை விட்டுச் சொல்ல வைப்பான், ஒருவன் துப்பாக்கிச் சத்தம் வைப்பான். எலியூத் வைத்தது அம்மா தன்னைத் திட்டியதை. "ஃபிரிட்ஜை மூடுடா!" மூன்றே நொடி. அந்தக் கடைசி எழுத்தின் மேலேயே இடிபோலக் கனத்த பேஸ் ஒலி விழும். பஸ்ஸில், கல்யாணத்தில், கூடைப்பந்து மைதானத்தில், எங்கே அந்தப் பாட்டு வந்தாலும் கூட்டமே சேர்ந்து கத்தும். மிகெலினா உயிரோடு இருந்தவரை கடைக்குப் போனால் முன்பின் தெரியாத பையன்கள் அவளைப் பார்த்து, "மூடிட்டேம்மா!" என்று சல்யூட் அடிப்பார்கள்.

எல்லாம் அந்தப் பெரிய புயலுக்குப் பிறகு ஆரம்பித்தது. தீவு முழுக்க மாதக்கணக்கில் இருட்டு. பதினைந்து வயது எலியூத் பழைய லேப்டாப்பைப் பக்கத்து வீட்டுக் கார் பேட்டரியில் சார்ஜ் போட்டு, சட்டி, கரண்டி, தகரக் கூரை என்று கிடைத்ததையெல்லாம் தட்டிப் பதிவு செய்தான். நெடுஞ்சாலைப் பாலத்துக்குப் பக்கத்தில்தான் சிக்னல் கிடைக்கும். அங்கே ஊரே காரை ஓரங்கட்டிவிட்டு ஃபோனைத் தூக்கிப் பிடித்து நிற்கும்போது, இவன் மட்டும் பாட்டு ஏற்றிக்கொண்டிருந்தான். முதல் பாட்டைக் கேட்டவர்கள் ஏழு பேர். அதில் நாலு பேர் அவனே. பிறகு நியூயார்க்கிலிருந்து யாரோ ஒருவன் ஒரு மெட்டை வாங்கினான். பிறகு மெதெயினிலிருந்து ஒருவன். இருபத்து மூன்று வயதில் பாயமோனில் காவலாளி நிற்கிற குடியிருப்பில் சொந்த வீடு, வீட்டிலேயே ஸ்டூடியோ. அம்மாவின் பழைய ஃபிரிட்ஜை மட்டும் அவன் மாற்றவில்லை.

மாலை நாலரை மணி.

இன்ஸ்பெக்டர் ஒதீலியா வந்தபோது வீடு அடுப்புபோலக் கொதித்தது. சாப்பாட்டின் நடுவிலேயே கரண்ட் போயிருந்தது, இன்னும் வரவில்லை. ஜெனரேட்டர் இழுத்து இழுத்துப் பார்த்தும் உயிர் பெறவில்லை. அவளுக்கு ஐம்பது வயது, முழங்கால் வலி, ராப் பாட்டு என்றாலே எரிச்சல்.

"ஸ்டூடியோக் கதவு?" என்றாள்.

"எலெக்ட்ரிக் பூட்டு மேடம்," என்றான் எலியூத். "கரண்ட் போனா தானா விட்டுரும். தீப்பிடிச்சா ஆள் உள்ள மாட்டிக்கக் கூடாதுன்னு அப்படி வெச்சிருக்காங்க."

"கேமரா?"

"அதுவும் கரண்ட்லதான்."

"நல்லா இருக்கு. காவலாளி?"

"அவர் சாப்பாட்டுல ஓடறவர்," என்றான் சுர்தோ.

ஒதீலியா சிரிக்கவில்லை. காவலாளி சத்தியம் செய்தார்: மதியத்திலிருந்து அந்த வீட்டிலிருந்து ஓர் ஆள் வெளியே போகவில்லை, உள்ளே வரவும் இல்லை. ஆக, டிஸ்க் வீட்டுக்குள்தான் இருக்க வேண்டும். எடுத்தவரும் வீட்டுக்குள்தான்.

அங்கே இருந்தது நாலே பேர். எலியூத். அவனுடைய மேனேஜர் பாஸ்குவால். சின்ன வயதுச் சிநேகிதனும் ராப் பாடகனுமான சுர்தோ. கடல் தாண்டி ஆர்லாண்டோவிலிருந்து வந்திருந்த அக்கா நெரெய்தா.

கான்ஸ்டபிள் ஃபெலீபே தேடத் தொடங்கினான். பீரோ, மெத்தை, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி, துணி துவைக்கிற மிஷின், ரொட்டி சுடும் அடுப்பு, குப்பைத் தொட்டி, எல்லாருடைய பைகள், கார்கள். ஒரு மணி நேரம் கழித்துச் சட்டை முழுக்க நனைந்து வந்து நின்றான்.

"சல்லடை போட்டுச் சலிச்சாச்சு மேடம். இல்லை."

ஒதீலியா ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். முதலில் பாஸ்குவால். தங்கப் பல், வியர்க்கிற கழுத்து.

"கரண்ட் போனப்ப எங்க இருந்தீங்க?"

"வாசல் கேட்டுக்கிட்ட. ஜெனரேட்டர் மெக்கானிக்குக்கு ஃபோன் போட்டுக்கிட்டே இருந்தேன். ஞாயித்துக்கிழமை எவன் எடுக்கறான்?"

"டிஸ்க்ல இருக்கற பாட்டு வெளிய போனா யாருக்கு லாபம்?"

"யாருக்கும் இல்லை. பாட்டெல்லாம் என் ஆபீஸ்ல காப்பி இருக்கு. எனக்கு நாளைக்கு வர வேண்டியது ஒண்ணே ஒண்ணு. இவங்கம்மா குரல் இருக்கற சமையலறைப் பதிவு. அதான் ஆல்பத்தோட கடைசிப் பாட்டு. சாப்பிடறப்பதான் இவன் எல்லார்கிட்டயும் சொன்னான்."

"உள்ள வேற எங்கயும் போகலையா?"

"தண்ணி குடிக்கச் சமையலறைக்குப் போனேன். ஃபிரிட்ஜுக்கு டேப் ஒட்டியிருந்துச்சு. குழாய்த் தண்ணியைக் குடிச்சிட்டு வந்துட்டேன். வெந்நீர் மாதிரி இருந்துச்சு."

அடுத்தது சுர்தோ.

"நான் ஐஸ் பெட்டி டிபார்ட்மென்ட் மேடம். கரண்ட் போன உடனே ஃபிரிட்ஜ்ல இருந்த எல்லாத்தையும் எடுத்துக் கொல்லையில ஐஸ்ல போட்டேன். பால், முட்டை, மிச்சப் பன்னிக் கறி, சாஸ் பாட்டிலைக்கூட விடலை. அப்புறம் ஜெனரேட்டரோட மல்லுக்கட்டினேன். கையைப் பாருங்க, எண்ணெய் இன்னும் போகலை."

"எலியூத்தோட உங்களுக்கு ஏதோ மனஸ்தாபம்னு கேள்விப்பட்டேன்."

"என் குரலை ஒரு பாட்டுல பாதியா வெட்டிட்டான். பேசாம இருந்தேன். அதுக்காக அவங்கம்மாவையா எடுத்துட்டுப் போவேன்? அந்த அம்மா எனக்கும் சோறு போட்டிருக்கு."

ஒதீலியாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அவனே கொல்லைக்குப் போய், ஐஸ் பெட்டியிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டில் எடுத்து வந்து கொடுத்தான். அவள் கொஞ்சம் முன்பு சமையலறையில் ஃபிரிட்ஜின் கைப்பிடிவரை கையைக் கொண்டுபோய், டேப்பைப் பார்த்ததும் அனிச்சையாக இழுத்துக்கொண்டதை அவன் கவனித்திருந்தான்.

எலியூத் ஸ்டூடியோத் தரையிலேயே உட்கார்ந்திருந்தான். ஒதீலியா முழங்காலைத் திட்டிக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அந்தப் பதிவுல என்ன இருக்கு?"

"ஒரு மத்தியானம் முழுக்க அம்மா. புயலுக்கப்புறம் முதல் தடவையா கரண்ட் வந்த அன்னிக்கு மைக்கைத் திறந்து சமையலறையில வெச்சிட்டேன். அம்மா சமைக்கறா, பாடறா, யாரையோ வையறா. அந்த மூணு செகண்ட் முத்திரையை அதுலேர்ந்துதான் வெட்டினேன்."

"மீதி?"

"அப்புறம் கேட்கவே இல்லை. அம்மா இருந்தவரைக்கும் தேவைப்படலை. போனதுக்கப்புறம் பயம். கேட்டுட்டா தீர்ந்துடும் மேடம். கேட்காம வெச்சிருந்தா அம்மா இன்னும் ஏதோ பேச வேண்டியது பாக்கி இருக்குல்ல?"

ஒதீலியா பாட்டிலைத் திறந்தாள். தண்ணீர் குடித்தாள்.

"வேற காப்பி?"

"கிடையாது. என் வாழ்க்கையில எல்லாத்தையும் நெட்ல ஏத்தியிருக்கேன். இதை மட்டும் ஏத்தலை."

"அப்புறம் எதுக்கு ஆல்பத்துல போடறே?"

"தனியாக் கேட்கத் தைரியம் இல்லை. ஊரோட சேர்ந்து கேட்டா தாங்கிக்கலாம்னு நினைச்சேன்."

அவள் சுவரைப் பார்த்தாள். முதல் வருஷத்துப் பாட்டுகளின் கணக்கைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தான், எந்த ஊரில் எத்தனை பேர் கேட்டார்கள் என்று.

"முதல்ல யார் கேட்டாங்க?"

எலியூத் அன்று முதல் முறையாகச் சிரித்தான். "அது பெரிய கூத்து. ஆர்லாண்டோவில யாரோ ஒரு ஆள். எந்தப் பாட்டு போட்டாலும் அன்னிக்கே வந்துருவாங்க. முதல் மூணு செகண்ட் கேட்டுட்டு நிறுத்திடுவாங்க. மறுபடி முதல்லேர்ந்து போடுவாங்க, மறுபடி நிறுத்துவாங்க. ஒரு நாளைக்கு நாப்பது தடவை. என் இசை அவ்வளவு கேவலமான்னு அழுதிருக்கேன்."

"இப்பவும் வர்றாங்களா?"

"தினமும்."

ஒதீலியா எழுந்தாள். முழங்கால் வலி ஞாபகம் வரவில்லை.

நெரெய்தா சமையலறை ஜன்னலோரம் நின்றிருந்தாள். இருபத்தொன்பது வயது. ஒன்றும் அழுக்கில்லாத மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எப்ப ஊரை விட்டுப் போனீங்க?"

"எட்டு வருஷம் ஆச்சு. புயலுக்கு முன்னாடி."

"அப்புறம் வரவே இல்லையா?"

"இல்லை. ஒரு ஆளோட போனேன். அம்மாவுக்குப் பிடிக்கலை. இந்த வாசலைத் தாண்டினா உனக்கு இங்க இடம் இல்லைன்னா. அவ சொன்னா சொன்னதுதான்."

"சாவுக்கு?"

"வரலை." துணியை முறுக்கினாள். "எந்த மூஞ்சியோட வர்றது?"

"இந்த டேப் நீங்க ஒட்டினதா?"

"ஆமா. சாமான் கெட்டுப் போகக் கூடாதே. யாராவது மறந்து திறந்துட்டா?"

"அந்தப் பதிவைக் கேட்டிருக்கீங்களா?"

"தரச் சொல்லிக் கேட்டேன். ஆல்பம் வர்றப்ப எல்லாரோடயும் சேர்ந்து கேளுக்கான்னான்."

மாலை ஆறு மணிக்கு ஒதீலியா எல்லாரையும் சமையலறைக்கு வரச் சொன்னாள். எல்லாரும் மேடையோரம் நெருக்கியடித்து நின்றார்கள். அவள் ஃபிரிட்ஜின் முன்னால் போய் நின்று, டேப்பின் ஒரு முனையை நகத்தால் கிளப்பினாள்.

"ஐயோ, திறக்காதீங்க!" என்றான் சுர்தோ.

"கரண்ட் இல்லைங்க!" என்றார் பாஸ்குவால்.

"மேடம், மூடி வைங்க!" என்று எலியூத்தும் கை நீட்டினான்.

"மேடம், குளிர்ச்சி போயிடும்," என்று வாய்விட்டுச் சொன்ன நாலாவது ஆள் கான்ஸ்டபிள் ஃபெலீபே. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

நெரெய்தா மட்டும் வாயைத் திறக்கவில்லை.

ஒதீலியா ஃபெலீபேயைப் பார்த்தாள். "வீட்டைச் சல்லடை போட்டுச் சலிச்சேன்னியே. இதுக்குள்ள பார்த்தியா?"

"இல்லை மேடம். கரண்ட் இல்லையே..."

"உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. தாகத்துல செத்துக்கிட்டிருந்தேன், இந்தக் கைப்பிடிகிட்ட வந்து கையை எடுத்துக்கிட்டேன். அவ்வளவு மாசம் இருட்டுல கிடந்திருக்கோம். கரண்ட் இல்லாதப்ப ஃபிரிட்ஜைத் திறக்கறது கொலைக் குத்தம்னு நம்ம ரத்தத்துலயே ஏறிப்போச்சு. போதாக்குறைக்கு இந்தப் பையனோட அம்மா எட்டு வருஷமா ரேடியோவுல வேற கத்திக்கிட்டிருக்காங்க. இன்னிக்கு இந்த ஊர்ல இதைவிடப் பத்திரமான பெட்டகம் கிடையாது."

டேப்பைக் கிழித்தாள்.

"ஆனா ஒரு விஷயம். சுர்தோ, உள்ள என்ன விட்டு வெச்சே?"

"ஒண்ணும் இல்லை மேடம்." சுர்தோவின் கண்கள் விரிந்தன. "எல்லாத்தையும் ஐஸ்ல போட்டுட்டேனே."

"அதான். காலி ஃபிரிட்ஜுக்கு எதுக்கு டேப்? நம்மள்ல ஒருத்தர் ஃபிரிட்ஜைக் காலி பண்ணா என்ன பண்ணுவோம்? நாறாம இருக்கக் கதவைத் திறந்து, நடுவுல ஒரு துண்டைச் சொருகி வெப்போம். அது புயலுக்கப்புறம் நாம கத்துக்கிட்டது. அந்த மாசங்கள்ல இங்க இல்லாத ஒருத்தருக்குத்தான் அது தெரியாது. அவங்களுக்குத் தெரிஞ்சதெல்லாம் பாட்டுல வர்ற அந்த ஒரு வரி. ஃபிரிட்ஜை மூடணும்."

கதவைத் திறந்தாள். காலித் தட்டுகள். ஃப்ரீஸரில் மட்டும் இறுக்கி மூடிய ஓர் ஐஸ்கிரீம் டப்பா. அதற்குள் பிளாஸ்டிக் பையில் சுற்றி, மேலே ஒரு கைத்துண்டும் சுற்றி, ஹார்ட் டிஸ்க்.

"பாட்டுக்காக யாரும் எடுக்கலை," என்றாள் ஒதீலியா. "பாட்டுக்குக் காப்பி இருக்கு. காப்பி இல்லாதது அந்த மத்தியானம் ஒண்ணுதான். அதுக்கு ஏங்கறவங்க யாருன்னுதான் பார்த்தேன். நெரெய்தா, ஆர்லாண்டோவுல தினமும் மூணு செகண்ட் கேட்டுட்டு நிறுத்தற ஆள் நீங்கதானே?"

எலியூத் திரும்பிப் பார்த்தான். "அக்கா?"

"எனக்கு ராப் பிடிக்காதுடா," என்றாள் நெரெய்தா. அப்படிச் சொல்லிவிட்டு உடைந்து அழுதாள். "எனக்குன்னு அவ குரல் அந்த மூணு செகண்ட்தான் இருந்துச்சு. அவ நம்பர் இருந்தும் பேச முடியாத மாதிரி ஆயிடுச்சு. பாட்டைப் போட்டா என்னையே திட்டற மாதிரி இருக்கும். திட்டட்டும்னு மறுபடி போடுவேன்."

"பின்ன எதுக்குக்கா எடுத்தே? கேட்டிருந்தா..."

"கேட்டேன். ஊரோட கேளுன்னே." முகத்தைத் துடைத்தாள். "புயலுக்கப்புறம் மாசக்கணக்கா லைன் கிடைக்கலை, கிடைச்ச அன்னிக்கு உயிரோட இருக்கீங்களான்னு ஃபோன் பண்ணேன். எடுத்தா. என் குரலைக் கேட்டதும் வெச்சுட்டா. அதே வாரத்துல நீ பதிவு பண்ணியிருக்கே. யாரையோ வையறான்னு சாப்பிடறப்ப நீயே சொன்னே. அது நான்தான். எங்கம்மா என்னைச் சபிச்சதை உலகமே கை தட்டிக் கேட்கணுமா? முதல்ல நான் தனியாக் கேட்டுக்கறேன்னு நினைச்சேன். அழிச்சிருக்க மாட்டேன்டா. சத்தியமா அழிச்சிருக்க மாட்டேன்."

பாஸ்குவால் மெதுவாகக் கொல்லைப் பக்கம் நகர்ந்தார். சுர்தோவும் பின்னாலேயே போனான். ஒதீலியாவும் போயிருக்க வேண்டும். அவள் போகவில்லை, கேட்டால் சாட்சியப் பொருளைப் பரிசோதிக்கிறேன் என்று சொல்லியிருப்பாள்.

எலியூத் லேப்டாப்பை எடுத்து வந்தான். பேட்டரியில் கொஞ்சம் உயிர் மிச்சம் இருந்தது. டிஸ்க்கைத் துண்டால் துடைத்து மாட்டினான். முத்திரையை வெட்டிய இடம் அவனுக்குத் தெரியும். அதற்கு ஒரு நிமிஷம் முன்னால் கொண்டுபோய் வைத்தான். அக்காவைப் பார்த்தான். அவள் தலையை அசைத்தாள்.

முதலில் ஃபிரிட்ஜின் மோட்டார் ஓடுகிற சத்தம். கரண்டி சட்டியில் உரசுகிற சத்தம். மெல்ல ஒரு பாட்டை முனகுகிற பெண் குரல். பிறகு கதவு திறக்கிற சத்தமும், உடையத் தொடங்கிய பதினைந்து வயதுக் குரலும்.

"அம்மா, இந்தக் கிண்ணத்துல என்ன, தெம்ப்ளேகேயா? நான் எடுத்துக்கவா?"

"தொடாதே. அது உங்கக்காவோடது."

"அக்காதான் இல்லையே. அவ ஃபோன் பண்ணா நீதான் பேச மாட்டேங்கறே."

கரண்டி நின்றது. மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"பேசினா அழுதுடுவேன்டா. நான் அழுதா அவ பயந்துடுவா." மறுபடி கரண்டி உரசுகிற சத்தம். "கரண்ட் வந்துடுச்சுல்ல, இனிமே கெடாது. எப்ப வந்தாலும் சாப்பிடட்டும்."

"எப்பம்மா வருவா?"

"ஃபிரிட்ஜை மூடுடா!"

எட்டு வருஷமாகத் தீவே சேர்ந்து கத்திய அதே வரி. அதற்கு முன்னால் பேசியதெல்லாம் எலியூத்துக்கே மறந்துபோயிருந்தது. பாட்டில் அதன் கடைசி எழுத்தின் மேலேயே பேஸ் விழுந்துவிடும். பேஸ் இல்லாமல் அன்றைக்குத்தான் கேட்டார்கள். அந்த இடத்தில் மிகெலினாவின் குரல் உடைந்திருந்தது.

நெரெய்தா தரையில் உட்கார்ந்து தம்பியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தேங்காய்ப்பாலும் பட்டையும் போட்டுச் செய்கிற தெம்ப்ளேகேயை அவள் ஆர்லாண்டோவில் எட்டு வருஷமாகத் தொட்டதில்லை. எலியூத் பதிவை நிறுத்தவில்லை. பேட்டரி தீர்கிறவரை அம்மா சமைத்துக்கொண்டிருந்தாள். வைதது நெரெய்தாவை இல்லை, மின்சார ஆபீஸ்காரர்களை.

ஒதீலியா தன் அறிக்கையில், பொருள் வீட்டிலேயே இடம் மாற்றி வைக்கப்பட்டிருந்தது, புகார் வாபஸ் என்று எழுதினாள். கிளம்புமுன் திறந்து கிடந்த ஃபிரிட்ஜில் ஒரு துண்டை மடித்துச் சொருகிவிட்டுப் போனாள்.

ஆல்பம் வந்தது. கடைசிப் பாட்டாக வருவதாகச் சொன்ன சமையலறைப் பதிவு அதில் இல்லை. பாஸ்குவால் இரண்டு வாரம் எலியூத்தோடு பேசவில்லை. முத்திரை மட்டும் கொஞ்சம் நீண்டிருந்தது. அக்காவிடம் கேட்டுத்தான் நீட்டினான். இப்போதெல்லாம் மைதானத்தில் கூட்டம் இரண்டு வரி கத்துகிறது: "தொடாதே, அது உங்கக்காவோடது! ஃபிரிட்ஜை மூடுடா!" யார் அந்த அக்கா என்று ஊரே கேட்கிறது. எலியூத் சொல்வதில்லை.

எந்த ஊரில் எத்தனை பேர் என்கிற கணக்கை அவன் இன்னும் தினமும் காலையில் பார்க்கிறான். ஆர்லாண்டோவில் ஒருவர் பாட்டைக் கடைசிவரை கேட்கிறார்.